தினமும் "ஐ வில் கோ": அன்றாட வேலைகளை ஆங்கிலத்தில் சொல்லவைக்கும்போது வரும் கோளாறுகளும் சரிசெய்யும் வழியும்

நீடாமங்கலம் பக்கத்துக் கிராமம் ஒன்றில், மாலை ஆறு மணிக்கு மேல் எங்கள் வீட்டுத் திண்ணையில் பிள்ளைகள் வந்து உட்காருவார்கள். ஐந்தாம் வகுப்பிலிருந்து எட்டாம் வகுப்பு வரை பத்துப் பன்னிரண்டு பேர். ஞாயிற்றுக்கிழமைகளில் பெரியவர்களும் நாலைந்து பேர் வருவார்கள். சிங்கப்பூர் போக ஏற்பாடு செய்துகொண்டிருக்கும் பையன்கள், பிள்ளையின் வீட்டுப்பாடத்தைத் தானே பார்த்துக்கொடுக்க நினைக்கும் அம்மாக்கள். எல்லாருக்கும் முதல் பாடம் ஒன்றுதான்: காலையில் எழுந்ததிலிருந்து படுக்கும் வரை என்ன செய்கிறாய் என்று ஆங்கிலத்தில் சொல்.

ரொம்பச் சுலபமான பாடம் என்று பெயர். சொற்கள் நாற்பதோ ஐம்பதோதான். ஆனால் ஆரம்பநிலை ஆங்கிலத்தில் வரக்கூடிய கோளாறுகளில் பாதி இந்தப் பாடத்திலேயே வந்துவிடும். அப்போது "இவனுக்குக் கிராமர் வீக்" என்று சொல்லி முதல் பக்கத்திலிருந்து இலக்கணம் நடத்தத் தொடங்குவது வீண் வேலை. மோட்டார் ஓடுகிறது, தண்ணீர் ஏறவில்லை என்றால் நாம் மோட்டாரைப் பிரிப்பதில்லை; முதலில் தண்ணீருக்குள் குழாயின் அடியில் இருக்கும் ஃபுட் வால்வைப் பார்க்கிறோம். இங்கே ஃபுட் வால்வு தமிழ். பிள்ளை சொல்லும் தப்பான ஆங்கில வாக்கியத்துக்கு அடியில், பெரும்பாலும் சரியான தமிழ் வாக்கியம் ஒன்று கிடக்கும். அதைக் கண்டுபிடித்தால் வேலை பாதி முடிந்தது.

வரிசையாகப் படிக்க வேண்டியதில்லை. உங்கள் காதில் எது விழுகிறதோ அந்த இடத்துக்குப் போங்கள்.

கேள்வி கேட்டால் பிள்ளை வாயே திறக்கவில்லை

"வாட் டூ யூ டூ இன் தி மார்னிங்?" என்றதும் தரையைப் பார்க்கிறது. முதல் சோதனை: அதே கேள்வியைத் தமிழில் கேளுங்கள். தமிழிலும் பதில் வரவில்லை என்றால் கோளாறு ஆங்கிலத்தில் இல்லை.

ஆறாம் வகுப்புப் பெண் ஒருத்தி என்னிடம் இரண்டு வாரம் பேசவே இல்லை. தமிழில் கேட்டேன். "சொல்ற மாதிரி நான் ஒண்ணும் செய்யலையே டீச்சர்" என்றாள். கிண்டிக் கேட்டால், ஐந்து மணிக்கு எழுந்து, வாசல் தெளித்து, மாட்டுக்கு வைக்கோல் போட்டு, தம்பியை எழுப்பி, அடிபம்பில் நாலு குடம் தண்ணீர் பிடித்து வைத்துவிட்டுப் பள்ளிக்கு வருகிறாள். அவள் பார்த்த புத்தகத்துப் படத்தில் இருந்த பிள்ளையோ ஷவரில் குளித்து, பாலில் கார்ன்ஃபிளேக்ஸ் போட்டுச் சாப்பிட்டு, மஞ்சள் பஸ்ஸில் ஏறிப் போகிறது. தன் காலை அந்தப் படத்தில் இல்லை, அதனால் அது கணக்கில் சேராது என்று முடிவு செய்துவிட்டாள்.

இதற்கு மருந்து, படத்தை மூடிவைத்துவிட்டு அவள் காலைக்கு வேண்டிய சொற்களைக் கொடுப்பதுதான். "ஐ ஃபீட் தி கவ்." "ஐ வேக் மை பிரதர்." "ஐ ஃபெட்ச் வாட்டர்." கோலத்துக்கு ஆங்கிலச் சொல் தேடி அலையாதீர்கள், இட்லிக்குத் தேடுகிறோமா? "ஐ டிரா எ கோலம்" என்றால் போதும். மடை, நாற்றங்கால், களை என்று வரும்போது சுருக்கமாக வேலையைச் சொல்லவையுங்கள்: "மை ஃபாதர் லெட்ஸ் தி வாட்டர் இன்." "மை மதர் புல்ஸ் வீட்ஸ்."

காலைச் சாப்பாட்டிலும் இதே சிக்கல் உண்டு. எந்தப் பாடத்திலும் பிள்ளை வீட்டில் சாப்பிட்டுவிட்டுத்தான் பள்ளிக்குப் போகும். 2023 ஆகஸ்ட் 25 அன்று நம் டெல்டாவின் திருக்குவளையில் வைத்துத்தான் காலை உணவுத் திட்டத்தை அரசுத் தொடக்கப் பள்ளிகள் எல்லாவற்றுக்கும் விரித்தார்கள். ஆகவே இங்கே ஐந்தாம் வகுப்புப் பிள்ளையின் உண்மையான வாக்கியம் "ஐ ஹேவ் பிரேக்ஃபஸ்ட் அட் ஸ்கூல்" என்பது. புத்தகத்தில் இல்லை என்று அதைத் திருத்திவிடாதீர்கள். "வாட் டூ யூ ஹேவ்?" என்று அடுத்த கேள்வியைப் போடுங்கள். உப்புமா, பொங்கல், கிச்சடி என்று பேச்சு தானாக நீளும்.

சோறு பற்றியும் ஒரு வார்த்தை. நமக்கு வயலில் நெல், மூட்டையில் அரிசி, தட்டில் சோறு. ஆங்கிலத்தில் மூன்றுக்குமே "ரைஸ்" ஓடும். வயலில் நிற்பதற்கும் உமியோடு இருப்பதற்கும் மட்டும் "பேடி" என்ற சொல் உண்டு. அது மலாய் மொழியிலிருந்து ஆங்கிலத்துக்குப் போனது. இதைச் சொல்லிக்கொடுக்காமல் விட்டால் "ஐ ஈட் பேடி" என்று ஒருவன் சொல்வான், திண்ணையே சிரிக்கும், அப்புறம் ஒரு வாரம் அவன் வாய் திறக்க மாட்டான்.

ஒப்பித்தால் கடகடவென்று வருகிறது, கேட்டால் வரவில்லை

கைடிலிருந்து மனப்பாடம் செய்த பத்தி இது. அடையாளம் சுலபம்: வகுப்பில் எல்லாரும் ஐந்து மணிக்கு எழுந்து ஜாகிங் போவார்கள். எங்கள் ஊரில் ஒரே ஒருவர்தான் ஜாகிங் போனார். நாய்கள் துரத்தியதில் அவரும் நிறுத்திவிட்டார்.

பத்தியைத் திட்ட வேண்டாம், நடுவில் குறுக்கிடுங்கள். "ஆன் சண்டே ஆல்சோ?" என்று கேட்டால் போதும், ஒப்பித்தல் நின்று பேச்சு தொடங்கும். அந்த இடத்தில் வரும் தடுமாற்றம் நல்ல அறிகுறி.

எதற்கெடுத்தாலும் "வில்"

"ஐ வில் கெட் அப் அட் சிக்ஸ். ஐ வில் டேக் பாத். ஐ வில் கோ டு ஸ்கூல்." கேட்பவருக்கு இது நாளைய திட்டம் போல இருக்கும். பிள்ளை சொல்ல வந்தது அதுவல்ல.

டெல்டாவில் நான் அதிகம் கேட்ட கோளாறு இதுதான். பிள்ளைக்கு "வில்" என்றால் எதிர்காலம் என்று தெரியாமல் இல்லை, நன்றாகவே தெரியும். அதனால்தான் தப்பு வருகிறது. தமிழில் நாம் வழக்கத்தை எப்படிச் சொல்கிறோம்? "தினமும் ஆறு மணிக்கு எழுந்திருப்பேன்." "டவுன் பஸ் ஏழரைக்கு வரும்." "தாத்தா சாயங்காலம் கோயிலுக்குப் போவார்." எழுந்திருப்பேன், வரும், போவார் எல்லாமே எதிர்கால வடிவம் என்றுதான் பள்ளி இலக்கணம் சொல்லும். ஆனால் அதே வடிவத்தை நாளைக்குச் செய்யப்போவதற்கும் வைத்துக்கொள்கிறோம், தினசரி வழக்கத்துக்கும் வைத்துக்கொள்கிறோம், "சின்ன வயசுல ஆத்துலதான் குளிப்போம்" என்று பழைய வழக்கத்துக்கும் வைத்துக்கொள்கிறோம்.

எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு இதை விளக்க ஒரு இடம் பக்கத்திலேயே இருக்கிறது. மூணாறு தலைப்பு, ஷட்டர் வைத்து ஆற்றைப் பிரித்துவிடும் இடம். ஒரே ஆறாக வரும் தண்ணீர் அங்கே வெண்ணாறு, கோரையாறு, பாமனியாறு என்று மூன்றாகப் பிரிகிறது. "எழுந்திருப்பேன்" என்பது தலைப்புக்கு மேலே வரும் தண்ணீர். ஆங்கிலத்துக்குள் போகும்போது மூன்று ஷட்டர்:

நாளைக்கு எழுந்திருப்பேன்: "ஐ வில் கெட் அப்."
தினமும் எழுந்திருப்பேன்: "ஐ கெட் அப்."
அப்போதெல்லாம் எழுந்திருப்பேன்: "ஐ யூஸ்ட் டு கெட் அப்."

நாளைக்கு, தினமும், அப்போதெல்லாம். தமிழ் வாக்கியத்தின் முன்னால் இவற்றில் எது பொருந்துகிறது என்று பிள்ளையே பார்க்கட்டும். நான் முதல் நாள் ஆங்கிலமே பேசாமல் இந்தப் பயிற்சியை மட்டும் செய்வேன். நான் தமிழில் ஒரு வாக்கியம் சொல்ல வேண்டியது. நாளைக்கு என்றால் ஒரு விரல், தினமும் என்றால் இரண்டு விரல், அப்போதெல்லாம் என்றால் மூன்று. "மாமா ஊரிலிருந்து வருவார்" என்றால் ஒன்றா இரண்டா என்று சண்டை வரும். வரட்டும். "செவ்வாய்க்கிழமை வைத்தீஸ்வரன்கோயில்ல கூட்டம் இருக்கும்" என்றால் எல்லாரும் இரண்டு விரல். சரி, அப்படியானால் அங்கே "வில்" கிடையாது: "தேர் இஸ் எ பிக் க்ரவுட் ஆன் டியூஸ்டேஸ்."

பெரியவர்களிடம் இதே கோளாறு வேறு வேஷத்தில் வரும். சிங்கப்பூர் வேலைக்கான நேர்காணலுக்குத் தயாராகும் பையன், தினமும் உடற்பயிற்சி செய்வதைச் சொல்ல நினைத்து, "ஐ யூஸ்ட் டு டூ எக்சர்சைஸ்" என்பான். நம் ஊரில் படித்தவர்கள் பலரும் இப்படித்தான் பேசுகிறார்கள், அதைக் கேட்டுப் பழகியிருக்கிறான். எதிரே இருப்பவருக்கோ, முன்பு செய்தான், இப்போது விட்டுவிட்டான் என்றுதான் புரியும். மூன்றாவது ஷட்டரில் தண்ணீர் தவறிப் போய்விட்டது, அவ்வளவுதான்.

எதிர்மறையிலும் பார்த்துக்கொள்ளுங்கள். "நான் மீன் சாப்பிட மாட்டேன்" என்பதை "ஐ வில் நாட் ஈட் ஃபிஷ்" என்றால், தட்டைத் தள்ளிவிட்டுப் பிடிவாதம் பிடிக்கிற மாதிரி இருக்கும். வழக்கம் என்றால் "ஐ டோன்ட் ஈட் ஃபிஷ்." புரட்டாசி மாதத்தில் இந்தப் பாடம் வந்தால் பயிற்சிக்குப் பஞ்சமே இல்லை: "வி டோன்ட் ஈட் மீட் இன் புரட்டாசி."

எல்லா வினையும் "இங்" போட்டு வருகிறது

"டெய்லி ஐ ஆம் கோயிங் டு ஸ்கூல். மை மதர் இஸ் குக்கிங்." இதற்குக் காரணம் பெரும்பாலும் நாம்தான். "நான் போகிறேன் என்றால் ஐ ஆம் கோயிங்" என்று முதல் நாளே யாரோ சொல்லிக்கொடுத்திருப்பார்கள். தமிழில் "போகிறேன்" இந்த நிமிடத்துக்கும் ஆகும், வழக்கத்துக்கும் ஆகும். ஆங்கிலத்தில் அதற்கு இரண்டு வாசல்.

என் திண்ணைச் சுவரில் தினத்தாள் காலண்டர் ஒன்று தொங்குகிறது. பக்கத்தில் செல்போனை வைத்துவிடுவேன். செல்போனைத் தொட்டால், துபாயிலிருந்து அப்பா வீடியோ காலில் "என்ன பண்றே?" என்று கேட்கிறார் என்று அர்த்தம்: "ஐ ஆம் ஈட்டிங்." காலண்டரைத் தொட்டால் கிழிக்கக் கிழிக்க வருகிற நாட்கள் எல்லாம்: "ஐ ஈட் அட் எய்ட்." மாற்றி மாற்றித் தொட வேண்டும், வேகத்தைக் கூட்ட வேண்டும். பத்து நிமிடத்துக்கு மேல் போனால் அலுத்துவிடும், நிறுத்திவிடுங்கள்.

"மை ஃபாதர் கோ", "மை மதர் தே கோ"

இங்கே இரண்டு மூன்று கோளாறுகள் ஒன்றாகக் கிடக்கும். பிரித்துப் பார்க்க வேண்டும்.

முதலில் மரியாதை. "அம்மா வயலுக்குப் போறாங்க" என்பதுதான் பிள்ளையின் மனதில் இருப்பது. போறாங்க என்பது வடிவத்தில் பன்மை. அது அப்படியே "தே கோ" என்று வெளியே வருகிறது. எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன் என்னிடம் நேராகவே கேட்டான்: "அப்பாவை ஹின்னு சொன்னா, அவன்னு சொல்ற மாதிரி ஆகாதா டீச்சர்?" நல்ல கேள்வி. இதற்குப் பதில் சொல்லாமல் "ஹி போடு, ஹி போடு" என்று திருத்தினால் அவன் வாய் ஒப்பும், மனசு ஒப்பாது. ஆங்கிலத்து "ஹி"யில் அவனும் இல்லை, அவரும் இல்லை. கலெக்டருக்கும் அதே ஹி, கடைப் பையனுக்கும் அதே ஹி, சாமிக்கும் அதே ஹி. மரியாதையை அவர்கள் வேறு இடத்தில் வைத்துக்கொள்கிறார்கள் என்று சொன்னேன். அப்புறம் அவன் அப்பாவைப் பற்றித் தயங்காமல் பேசினான்.

இதன் மறுபக்கம்: அவர் என்றால் "ஹி" என்று மனப்பாடம் செய்த பிள்ளை, தன் பெண் ஆசிரியரையும் "ஹி" என்று சொல்லும். தமிழ் எழுத்தில் அவர் என்பது இருபாலுக்கும் பொது அல்லவா? சொல்லுக்குச் சொல் பட்டியல் கொடுத்ததால் வந்த வினை.

இரண்டாவது, கடைசியில் வரவேண்டிய "ஸ்". போகிறேன், போகிறாய், போகிறான், போகிறாள், போகிறார், போகிறது, போகிறோம், போகிறீர்கள், போகிறார்கள், போகின்றன. ஆளுக்கு ஒரு வால் வைத்துப் பேசிப் பழகிய பிள்ளைக்கு, ஒரே ஒரு "ஸ்" வைப்பதா கஷ்டம் என்று எனக்கு முதலில் ஆச்சரியமாக இருந்தது. கவனித்தபோது வேறொன்று தெரிந்தது. "கேட், கேட்ஸ், புக், புக்ஸ்" என்று படித்ததிலிருந்து, ஸ் என்றால் பன்மை என்று பிள்ளைகள் பதியவைத்துக்கொள்கிறார்கள். "ஹி கோஸ்" அவர்கள் காதுக்குப் பன்மை, "தே கோ" ஒருமை! சிலர் யோசித்து யோசித்துத்தான் தப்பாகச் சொல்கிறார்கள். "பெயருக்குப் பின்னால் ஸ் வந்தால் பல, வேலைக்குப் பின்னால் ஸ் வந்தால் ஒன்று" என்று ஒரு நாள் வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள்.

சொன்ன உடனே வந்துவிடாது. 1970களில் ஆங்கிலத்தை இரண்டாம் மொழியாகக் கற்றவர்களைக் கவனித்த ஆய்வுகளில் "இங்" சீக்கிரம் ஒட்டிக்கொண்டது. இந்த "ஸ்" கடைசியாக வந்தவற்றில் ஒன்று. தாய்மொழிக்குத் தகுந்தபடி இந்த வரிசை மாறும் என்று பின்னால் வந்தவர்கள் காட்டினார்கள், ஆனால் என் திண்ணையில் நான் பார்த்தது ஏறக்குறைய அப்படியேதான். ஆகவே ஸ் விட்டுப்போன ஒவ்வொரு தடவையும் பேச்சை நிறுத்தாதீர்கள். அதற்கென்று தனியாக ஐந்து நிமிடம் ஒதுக்குங்கள். அந்த ஐந்து நிமிடத்தில் மட்டும் கண்டிப்பு.

ஸ் வந்துவிட்டது, ஆனால் எங்கும் வருகிறது

"டஸ் ஹி கோஸ்?" "ஷி டஸ் நாட் ஈட்ஸ்." வீட்டுக்கு ஒரே சாவிதான் என்று சொல்லிக்கொடுங்கள். "டஸ்" கையில் சாவி இருந்தால் "கோ" கையில் இருக்காது.

நேரம் சொல்லும்போது சறுக்குகிறது

"ஐ கெட் அப் சிக்ஸ் ஓ கிளாக்." "ஐ கெட் அப் டு சிக்ஸ்." "சண்டே ஐ கோ டெம்பிள்."

தமிழில் ஒட்டு பின்னால் வருகிறது: மணிக்கு, காலையில், கோயிலுக்கு. ஆங்கிலத்தில் முன்னால் தனியாக நிற்கிறது. சின்னச் சொல், பிள்ளை கண்ணில் படுவதில்லை. இன்னொரு சிக்கல், நம் "க்கு" இரண்டு வேலை செய்கிறது. ஆறு மணிக்கு என்பதும் "க்கு", பள்ளிக்கு என்பதும் "க்கு". அதனால்தான் "டு சிக்ஸ்" வருகிறது. நான் பலகையில் இப்படி எழுதி விடுவேன்: மணிக்குப் பின் வரும் க்கு "அட்", இடத்துக்குப் பின் வரும் க்கு "டு", காலையில் மாலையில் என்றால் "இன் தி", கிழமைக்கு "ஆன்." விதிவிலக்கு இரண்டையும் அதே பலகையில் ஓரமாக: ராத்திரிக்கு "அட் நைட்", வீட்டுக்கு "கோ ஹோம்", இதில் டு கிடையாது.

"குவார்ட்டர் டு சிக்ஸ்" சொல்லிக்கொடுப்பதை நான் நிறுத்திவிட்டேன். நமக்கு அது ஐந்தே முக்கால். ஐந்தைக் கடந்து முக்கால். அவர்களுக்கு ஆறுக்குக் கால் மணி குறைவு. ஆறு என்ற சொல் காதில் விழுந்ததும் பிள்ளை ஆறேகாலுக்குப் போய்விடுகிறது. "ஃபைவ் ஃபார்ட்டி ஃபைவ்" என்று சொல்லட்டும், பஸ் தவறாது. "ஹாஃப் பாஸ்ட்" பிரச்சினை இல்லை, ஆறரை மாதிரியேதான் நடக்கும்.

மணி, மணி நேரம் குழப்பத்தையும் ஒரு கண் பாருங்கள். "ஐ ஸ்லீப் நைன் ஓ கிளாக்" என்றால் ஒன்பது மணிக்கா, ஒன்பது மணி நேரமா?

ராத்திரி இரண்டு மணிக்கு மோட்டார் போடப் போகும் அப்பாவைப் பற்றிப் பேசினால், ஆங்கிலத்தில் அது "டூ இன் தி மார்னிங்." பிள்ளைகள் நம்ப மாட்டார்கள். இருட்டில் என்ன மார்னிங் என்பார்கள். எனக்கும் அவர்கள் கட்சிதான் சரி என்று தோன்றும்.

"அண்ட் தென்... அண்ட் தென்... அண்ட் தென்"

அல்லது இதற்கு நேர்மாறாக: "ஐ கெட் அப் பிரஷ் பாத் டிஃபன் ஸ்கூல் கோயிங்." இரண்டும் ஒரே ஊற்றிலிருந்து வருபவை.

"எந்திரிச்சு, பல்லு தேச்சு, குளிச்சு, சாப்பிட்டுட்டு ஸ்கூலுக்குப் போவேன்." தமிழில் இது ஒரே வாக்கியம். வினையெச்சங்களைக் கோத்துக்கொண்டே போய்க் கடைசியில் ஒரு முழு வினையால் முடிச்சுப் போடுகிறோம். நேரம், ஆள் எல்லாம் அந்த ஒரு முடிச்சில் இருக்கிறது. ஆங்கிலத்தில் இப்படிக் கோக்க நூல் வேறு. ஆரம்பத்தில் இருப்பவனுக்கு அந்த நூல் இல்லை. ஒன்று "அண்ட் தென்" என்று முடிச்சு முடிச்சாகப் போடுகிறான், இல்லை என்றால் நூலே இல்லாமல் பூவைக் கொட்டுகிறான்.

முதல் மாதம்: உடையுங்கள். ஒரு வேலைக்கு ஒரு வாக்கியம், ஒவ்வொன்றிலும் "ஐ." "ஐ கெட் அப். ஐ பிரஷ் மை டீத். ஐ டேக் எ பாத்." கேட்க முரசு கொட்டுகிற மாதிரி இருக்கும். பரவாயில்லை.

இரண்டாம் மாதம்: மூன்றை ஒன்றாக்கி, "அண்ட்" கடைசிக்கு முன் மட்டும். "ஐ கெட் அப், பிரஷ் மை டீத் அண்ட் டேக் எ பாத்."

அதற்குப் பிறகு "ஆஃப்டர்", "பிஃபோர்." இந்த இரண்டும் டெல்டாவுக்கு மிகவும் பொருந்தும், ஏனென்றால் இங்கே பலருடைய நாள் கடிகாரத்தில் ஓடுவதில்லை. பால் கறந்த பிறகு காபி, கோயில் மணி அடிப்பதற்கு முன் விளக்கு. கறவை மாடு வைத்திருக்கும் ஒரு அம்மாவிடம் "வாட் டைம்?" என்று நான் திரும்பத் திரும்பக் கேட்டு அவரைத் தலை சுற்றவைத்தேன். மணியை விட்டுவிட்டு எதற்குப் பின் எது என்று கேட்டபோது பொழுது முழுவதையும் சொன்னார்: "ஐ மேக் காபி ஆஃப்டர் மில்கிங். ஐ குக் பிஃபோர் மை சன் கெட்ஸ் அப்." கடைசி வாக்கியத்தில் "கெட்ஸ்" சரியாக விழுந்ததை அவர் கவனிக்கவே இல்லை.

இதில் "மை டீத்" என்ற "மை" வேறு. என் பல்லைத்தான் தேய்க்கிறேன், பக்கத்து வீட்டுக்காரர் பல்லையா தேய்க்கப்போகிறேன்? தமிழுக்குத் தேவையில்லாத சொல். ஆங்கிலம் கேட்கிறது, கொடுத்துவிடுவோம்.

"ஐ ஈட் காபி", "ஐ ஈட் டேப்லெட்"

நாம் காபி சாப்பிடுகிறோம், மாத்திரை சாப்பிடுகிறோம், சோறும் சாப்பிடுகிறோம். கும்பகோணம் டிகிரி காபியை யாரும் வெறுமனே "குடிப்பது" இல்லை என்று ஒரு தாத்தா எனக்கே பாடம் எடுத்தார். ஆங்கிலத்தில் மூன்றுக்கும் மூன்று: "டிரிங்க் காபி", "டேக் எ டேப்லெட்", "ஈட் ரைஸ்." தயங்குகிறவர்களுக்குச் சாப்பாட்டுக்கும் காபிக்கும் "ஹேவ்" கொடுத்துவிடுங்கள். ஆனால் ஹேவ் என்றால் "இருக்கிறது" என்று மட்டும் படித்த பிள்ளை, "ஐ ஹேவ் இட்லி" என்றால் என்னிடம் இட்லி இருக்கிறது என்று நினைத்து நின்றுவிடும். ஒரு தடவை விளக்கினால் தீர்ந்தது.

"ஆல்வேஸ்" எங்கே நிற்பது என்று தெரியவில்லை

"ஐ கெட் அப் ஆல்வேஸ்." "ஐ ஆல்வேஸ் ஆம் லேட்." வேலைச் சொல்லுக்கு முன்னால், ஆம், இஸ், ஆர் என்பவற்றுக்குப் பின்னால். இடம் இவ்வளவுதான்.

பொருள்தான் சுவையானது. ஆல்வேஸ், யூஷுவலி, சம்டைம்ஸ் மூன்றையும் சதவீதக் கணக்காகச் சொல்லிக்கொடுக்கிறார்கள். எனக்கு மேட்டூர் போதும். அணை திறக்கும் நாள் என்றாலே எங்கள் பக்கம் ஜூன் 12. குறுவை நெல் சாகுபடிக்கு அதுதான் கணக்கு. 2021இலும் 2023இலும் அந்த நாளில் திறந்தார்கள். 2022இல் முன்கூட்டியே மே 24. 2024இல் தண்ணீர் இல்லாமல் ஜூலை 28 வரை இழுத்தது. 2025இல் மறுபடியும் ஜூன் 12. அப்படியானால் "ஆல்வேஸ்" போடலாமா என்று கேட்டால், ஒன்பது வயசுப் பிள்ளைகூடக் கூடாது என்று சொல்லும். "தே யூஷுவலி ஓபன் தி டேம் இன் ஜூன்." யூஷுவலி என்ற சொல்லின் பொருளை எங்கள் அப்பாக்கள் வட்டி கட்டிப் படித்திருக்கிறார்கள்.

"நெவர்" வந்தால் கூடவே "நாட்" வருகிறதா என்று பாருங்கள். "ஒருபோதும் போவதில்லை" என்று தமிழில் இரண்டும் சேர்ந்து வரும். ஆங்கிலத்தில் நெவர் தனியாளாகவே வேலையை முடித்துவிடும்.

பதில் சொல்கிறான், கேள்வி கேட்க வரவில்லை

"யூ கெட் அப் வாட் டைம்?" தமிழில் "போறே" என்பதன் வாலில் "ஆ" சேர்த்தால் "போறியா" என்று கேள்வி ஆகிவிடுகிறது. அந்த "ஆ"வைப் பிடுங்கி வாக்கியத்தின் தலையில் நட்டால் அதன் பெயர் "டூ" என்று சொல்வேன். நாற்றைப் பிடுங்கி நடுவதைப் பார்த்த பிள்ளைகளுக்கு வேறு விளக்கம் தேவைப்படவில்லை. ஆனால் பழக்கம் வர, நாம் கேட்பதை நிறுத்த வேண்டும். ஒரு பிள்ளை இன்னொரு பிள்ளையைக் கேட்கட்டும், ஆசிரியரையும் கேட்கட்டும். "டூ யூ ஸ்லீப் இன் தி ஆஃப்டர்நூன் டீச்சர்?" என்று என்னைக் கேட்டார்கள். உண்மையைச் சொல்ல வேண்டியதாயிற்று.

உச்சரிப்பு

இதில் அதிகம் மல்லுக்கட்ட வேண்டாம். "யெவ்ரி டே", "இஸ்கூல்", "குக்கு" இந்த மூன்றும் தமிழ் நாக்கின் வழக்கம். முதல் இரண்டும் பொருளைக் கெடுக்காது. மூன்றாவதை மட்டும் பாருங்கள், ஏனென்றால் "குக்கு" என்று உகரம் போட்டு முடிக்கிற நாக்குக்கு "குக்ஸ்" என்று ஸ் சேர்ப்பது கஷ்டம்; ஸ் தெரியாமல் விடுகிறானா, நாக்கு மடங்காமல் விடுகிறானா என்று எழுதச் சொல்லிப் பார்த்தால் தெரிந்துவிடும். வாஷ், பிரஷ், டீச், வாட்ச் என்று முடிபவற்றுக்கு மட்டும் "இஸ்" என்று ஒரு அசை கூடும் என்பதைச் சேர்ந்து சொல்லவையுங்கள்.

எல்லாக் கோளாறும் ஒரே வாக்கியத்தில்

இதுதான் நிஜத்தில் நடப்பது. போன வாரம் ஏழாம் வகுப்புப் பையன் சொன்னான்: "மை ஃபாதர் டெய்லி மார்னிங் ஃபோர் ஓ கிளாக் ஃபீல்டு வில் கோ."

எல்லாவற்றையும் ஒரே மூச்சில் திருத்தினால் ஒன்றும் நிற்காது. நான் போகும் வரிசை இது. முதலில் வினையை இடம் மாற்றுவது, ஏனென்றால் அது கடைசியில் கிடந்தால் கேட்பவருக்குப் பிடியே கிடைக்காது: யார், என்ன செய்கிறார், எங்கே, எப்போது. அடுத்து வில்லை எடுப்பது, ஏனென்றால் அது பொருளையே மாற்றுகிறது. மூன்றாவது, அட், டு, இன் போன்ற சின்னச் சொற்கள். ஸ் கடைசி.

"தினமுமா, நாளைக்கா?" என்று மட்டும் கேட்டேன். "தினமும்தான்" என்றான். இரண்டு விரலைத் தானே தூக்கிப் பார்த்துக்கொண்டான். கொஞ்ச நேரம் உதட்டை அசைத்துவிட்டுச் சொன்னான்: "மை ஃபாதர் கோ டு தி ஃபீல்டு அட் ஃபோர் இன் தி மார்னிங்." அப்புறம், நான் கேட்காமலேயே, "ஐ ஆல்சோ கோ, ஆன் சண்டே" என்று சேர்த்தான்.

ஸ் வரவில்லை. அதற்குரிய ஐந்து நிமிடம் அன்றைக்கு ஏற்கெனவே முடிந்திருந்தது. "ஞாயிற்றுக்கிழமை அங்கே என்ன செய்வே?" என்று அடுத்த கேள்விக்குப் போனேன்.